நம்ம மண்ணுக்கு எந்தச் செடி? பெரம்பலூர், அரியலூர் வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு பாடம்

வெளிநாட்டு விதைப் பொட்டலங்களைப் பார்த்திருப்பீர்கள். 'மண்டலம் 5', 'மண்டலம் 9' என்று ஓர் எண் அதில் அச்சிட்டிருக்கும். இப்போது நம்ம ஊர் நர்சரிகளிலும் சிலர் இந்த எண்ணைச் சொல்லிச் செடி விற்கிறார்கள். "சார், இது உங்க மண்டலத்துக்கு நல்லா வரும்" என்கிறார்கள். இந்த எண் எங்கிருந்து வந்தது என்று முதலில் தெரிந்துகொள்வோம். அமெரிக்க வேளாண்மைத் துறை 1960-ல் வெளியிட்ட வரைபடம் அது. பிறகு பல தடவை திருத்தி, கடைசியாக 2023-ல் புதுப்பித்தார்கள். ஓர் ஊரில் வருடத்தின் மிகக் குளிர்ந்த இரவில் எத்தனை டிகிரி வரை இறங்கும் என்று பல வருடக் கணக்கை எடுத்து, அதன் சராசரியைக் கொண்டு 13 மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். பனி உறைந்து செடி செத்துப்போகிற நாட்டுக்கு அது அவசியமான கணக்கு.

நமக்கு அது எதற்கு உதவும்? அந்தக் கணக்கில் நம்ம சமவெளி முழுக்க 12, 13 என்று கடைசி எண்களில் வந்துவிடும். வேப்பந்தட்டையும் கன்னியாகுமரியும் கிட்டத்தட்ட ஒன்று. மார்கழிக் குளிரில் செத்த கத்தரிச் செடியை நம்மில் யார் பார்த்திருக்கிறோம்? நம்ம செடி சாவது சித்திரை வெயிலில். அதில் தப்பித்தால் ஐப்பசியில் வேரடியில் நிற்கிற தண்ணீரில். இரண்டிலும் தப்பித்தது மண்ணிலுள்ள சுண்ணாம்பில் மஞ்சளாகி, சாகவும் சாகாமல் காய்க்கவும் காய்க்காமல் நிற்கும். நம்ம மண்டலத்தை இந்த மூன்றை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

தமிழ்நாட்டை ஏழு வேளாண் காலநிலை மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள்: வடகிழக்கு, வடமேற்கு, மேற்கு, காவிரிப் படுகை, தெற்கு, அதிக மழை, மலை. நம்ம இரண்டு மாவட்டமும் இதில் ஒரே பெட்டிக்குள் அடங்குவதில்லை. வடமேற்கு, வடகிழக்கு, காவிரிப் படுகை மூன்றின் ஓரமும் சந்திக்கிற இடம் இது. பச்சமலை அடிவாரத்தில் கிளம்பி கொள்ளிடக் கரைக்கு ஒரு காலைப்பொழுதில் பைக்கில் போய்விடலாம். அதற்குள் செம்மண், கரிசல், சுண்ணாம்பு, சரளை, வண்டல் என்று ஐந்து மண் மாறிவிடும். அதனால், "பெரம்பலூர் மாவட்டத்துக்கு ஏற்ற பழமரம் எது?" என்று யாராவது கேட்டால், "எந்த ஊருங்க, வீட்டுக்கு எந்தப் பக்கம்?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

முதலில் மூன்று சோதனை

காசு செலவில்லாதவை. செடி வாங்கப் போவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை.

ஒன்று, சுண்ணாம்புச் சோதனை. தோட்டத்தில் ஓரடி ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து, நிழலில் காயவைத்துப் பொடியாக்கி ஒரு கிண்ணத்தில் போடுங்கள். அதன்மேல் சமையலுக்கு வாங்குகிற வினிகரை நாலு சொட்டு விடுங்கள். வினிகர் இல்லையென்றால் எலுமிச்சம்பழச் சாறு போதும். சோடா மாதிரி பொங்கி 'சுர்'ரென்று சத்தம் வந்தால் சுண்ணாம்பு தாராளமாக இருக்கிறது. காதைப் பக்கத்தில் வைத்தால் மட்டும் லேசாகக் கேட்கிறது என்றால் நடுத்தரம். ஒன்றுமே இல்லையென்றால் கவலையில்லை. மேல்மண்ணில் பொங்காமல் ஓரடிக்குக் கீழே பொங்குகிற இடங்களும் இங்கே உண்டு. மரம் நடப்போகிறவர்கள் இரண்டடி ஆழத்திலும் எடுத்துப் பார்ப்பது நல்லது.

இரண்டு, வடிகால் சோதனை. ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்பி வற்ற விடுங்கள். வற்றியதும் மறுபடி நிரப்புங்கள். இந்த இரண்டாவது தண்ணீர் எப்போது வற்றுகிறது என்பதுதான் கணக்கு. சில மணி நேரத்தில் போய்விட்டால் எந்த மரமும் வைக்கலாம். மறுநாள் காலையிலும் குழியில் தண்ணீர் நின்றால் பப்பாளி, முருங்கை, எலுமிச்சை, பலா எதையும் அந்த இடத்தில் சமதரையில் வைக்காதீர்கள்.

மூன்றாவது சோதனையை மனசுக்குள் செய்ய வேண்டும். போன சித்திரையில் வீட்டில் எத்தனை குடம் தண்ணீர் மிச்சமிருந்தது? வருடத்துக்கு ஏறக்குறைய 850-லிருந்து 1000 மில்லிமீட்டர் வரை மழை பெய்கிற பூமி இது. கேட்க நல்ல அளவாகத்தான் தெரியும். ஆனால் அதில் பாதிக்குப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். தை பிறந்ததிலிருந்து ஆனி வரை நாம் ஊற்றுகிற தண்ணீரில்தான் செடி உயிரோடு இருக்க வேண்டும். கார்த்திகையில் பச்சைப்பசேலென்று இருக்கும்போது ஆசைப்பட்டு நட்டுவிடுகிறோம். அந்தச் செடியைப் பங்குனியில் காப்பாற்றுகிற வேலை வீட்டுப் பெண்கள் தலையில், அதாவது இடுப்புக் குடத்தில் விழுகிறது. செடி தேர்வு பற்றிப் பேசுகிற ஆண்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சுண்ணாம்பு: பழைய கடல் கொடுத்தது

அரியலூர் வட்டாரம் ஏறக்குறைய 10 கோடி வருடத்துக்கு முன் கடலுக்கடியில் இருந்தது. காரையில் மண் அரித்த மேடுகளில் சிப்பியும் சங்கும் கல்லாகக் கிடப்பது அதனால்தான். சாத்தனூரில் கல்லாகிப்போன 18 மீட்டர் நீள மரம் படுத்திருக்கிறது. புவியியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-ல் அதை உலகுக்குத் தெரிவித்தார். பள்ளிப் பிள்ளைகளைப் பஸ் வைத்து அங்கே அழைத்துப்போகிறோம். அதே கடல் நம்ம கொல்லையிலும் இருக்கிறது என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அந்தச் சிப்பி படிந்த சுண்ணாம்புக்கல்லுக்காகத்தான் இங்கே இத்தனை சிமெண்ட் ஆலைகள். அதே சுண்ணாம்புதான் எலுமிச்சையை மஞ்சளாக்குகிறது.

மண்ணில் இரும்புச்சத்து இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு மிகுந்து காரத்தன்மை ஏறியதும் இரும்பு கரையாமல் பூட்டிக்கொள்ளும். வேரால் எடுக்க முடியாது. அடையாளம் சுலபம்: புதுத் துளிர் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக வலை மாதிரி தெரியும், அடியிலுள்ள பழைய இலை பச்சையாகவே இருக்கும். பழைய இலை முதலில் மஞ்சளானால் அது வேறு குறை, பெரும்பாலும் தழைச்சத்து. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு சாணக் கரைசலை ஊற்றிக்கொண்டே இருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அரியலூர் பக்கம் ஓர் அக்கா வீட்டில் ஒரு எலுமிச்சை, நாலு குண்டுமல்லி, ஒரு இட்லிப்பூச் செடி. எல்லாம் மஞ்சள். மூன்று வருடமாக மல்லியில் நாலு பூ கூடச் சேர்ந்து பூத்ததில்லை. கடையில் கேட்டிருக்கிறார்கள். அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளிக்கச் சொல்லியிருக்கிறார்கள். தெளித்ததும் பச்சை திரும்பியது. அடுத்த துளிர் மறுபடி மஞ்சள். "தம்பி, மாசாமாசம் மருந்து வாங்கித்தான் பூ பறிக்கணும்னா, அந்தக் காசுக்குப் பூவையே வாங்கிக்கலாமே" என்றார்கள். நியாயமான பேச்சு. மண்ணில் வினிகர் விட்டுக் காட்டினேன், பொங்கியது. பிறகு ஆழ்குழாய்த் தண்ணீரைப் பார்த்தோம். சட்டி பானையெல்லாம் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. மண்ணிலும் சுண்ணாம்பு, ஊற்றுகிற தண்ணீரிலும் அதுவே. அந்த மல்லி என்னதான் செய்யும்?

அங்கே நாங்கள் மண்ணோடு மல்லுக்கு நிற்கவில்லை. ஒரே ஒரு மல்லியைப் பெரிய தொட்டிக்கு மாற்றினோம். தொட்டியில் பாதி செம்மண், பாதி மக்கிய தொழுவுரம். கூரையில் பிடிக்கிற மழைத்தண்ணீர் உள்ளவரை அதற்கு மட்டும். மற்ற இடத்தில் அரளி, சங்குப்பூ, அந்திமந்தாரை. எலுமிச்சையை எடுத்த இடத்தில் மாதுளை. சுண்ணாம்பு மண்ணில் மாதுளை, இலந்தை, சீத்தா, விளா, கொடுக்காப்புளி, புளி, வேம்பு, நாவல் எல்லாம் முகம் சுளிக்காமல் வரும். முருங்கைக்கும் அது பெரிய பொருட்டில்லை, தண்ணீர் மட்டும் தேங்கக்கூடாது. கறிவேப்பிலை சில வீட்டில் வெளுத்துப்போகும். அதற்குப் புளித்த மோர் ஊற்றுவது இங்கே பழக்கம். கொஞ்சம் பலன் தெரியும், ஆனால் மூடாக்கும் மக்கும் சேர்ந்தால்தான் பச்சை நிலைக்கும். தோட்டத்தில் நிலக்கடலை போடுகிறவர்களுக்கும் இதே மஞ்சள் வரும் என்பதைக் கூடவே சொல்லி வைக்கிறேன்.

கரிசலில் குழி எடுக்காதீர்கள்

குன்னம், ஆலத்தூர், வேப்பூர் பக்கம் கரிசல். மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற மண். செட்டிகுளம், பாடாலூர் பக்கம் சின்ன வெங்காயம் பேர்போனது. நனைந்தால் உப்பும், காய்ந்தால் கை நுழைகிற அளவு வெடிக்கும். வெடிக்கும்போது பிஞ்சு வேர் அறுந்துபோகும்.

மரம் என்றாலே மூன்றடிக்கு மூன்றடி குழி எடுத்து, மணலும் எருவும் நிரப்பி நடு என்று எல்லா இடத்திலும் ஒரே பாட்டாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். செம்மண் சரளைக்கு அது ரொம்பச் சரி. கரிசலுக்கு அது ஆபத்து. சுற்றிலும் களி, நடுவில் தளர்ந்த மண்ணுள்ள குழி என்றால் அது ஒரு தொட்டிதான். ஐப்பசி மழையில் சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் அந்தக் குழிக்குள் இறங்கி, போக வழியில்லாமல் நிற்கும். வேர் மூச்சு முட்டி அழுகும். பப்பாளிக்கு ஓரிரண்டு நாள் தண்ணீர் நின்றாலே கதை முடிந்தது. "எரு வச்சு, பூச்சி இல்லாம, நல்லாத்தான் இருந்துச்சு, தீபாவளிக்கப்புறம் சாஞ்சிடுச்சு" என்று சொல்கிற வீடுகளில் எல்லாம் இதுதான் நடந்திருக்கிறது.

கரிசலில் மேடு கட்டி நட வேண்டும். சுற்றிலுமிருந்து மேல்மண்ணை வழித்து ஒன்றரை அடி உயரம், நாலைந்தடி அகலத்துக்குக் கும்பி மாதிரி குவித்து, அதே மண்ணில் மக்கைக் கலந்து உச்சியில் நடுங்கள். காய்கறிக்கு ஓரடி உயர மேட்டுப்பாத்தி. மக்காச்சோளத் தட்டை, வெங்காயச் சருகு, கடலைத் தோல் எது கிடைத்தாலும் மேலே பரப்புங்கள். மூடாக்கு இருந்தால் வெடிப்பு குறைகிறது. வெடிப்பு குறைந்தால் வேர் தப்பிக்கிறது, சித்திரையில் ஊற்றுகிற தண்ணீரும் பாதாளத்துக்கு ஓடாது. தண்ணீர் நின்றே தீரும் என்கிற மூலை இருந்தால் அங்கே அகத்தி போடுங்கள். ஈரத்தைத் தாங்கும். ஆடிக் காற்றுக்கும் கொஞ்சம் தடுப்பாக நிற்கும்.

காற்றை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசுகிற காற்று வாழை இலையைக் கிழித்து நாராக்கும், பிஞ்சுப் பந்தலைக் கவிழ்க்கும், எல்லாவற்றுக்கும் மேலே ஈரத்தை உறிஞ்சிவிடும். மேற்கு வேலியில் கிளுவை, நொச்சி, ஆடாதொடை. ஆடு வாய் வைக்காத ஆடாதொடை வேலிக்கு நல்லது என்பது பேரிலேயே இருக்கிறது.

மற்ற மண்ணைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், அங்கே சிக்கல் குறைவு. செந்துறைக்குக் கிழக்கே, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் செம்மண்ணும் சரளையும். முந்திரியும் பலாவும் அங்கே சொந்தக்காரர்கள். மாவும் நெல்லியும் நன்றாக வரும். தண்ணீர் நிற்காது, சத்தும் நிற்காது. ஆழக் குழியும் தொடர்ந்து மூடாக்கும் வேண்டும். திருமானூர், தா.பழூர் கொள்ளிடக் கரை வண்டல் வாழை, தென்னை, சேம்பு, எதையும் ஏற்கும். அங்கிருப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் பொறாமைப்படுத்தாமல் படிக்கவும். பச்சமலை அடிவாரத்துக் கல்லாங்காட்டில் சீத்தாவும் இலந்தையும் இருக்கட்டும். இந்த இரண்டும் கோடை வந்தால் இலையை உதிர்த்துவிட்டுச் சும்மா நிற்கும். இலை இல்லையென்றால் தாகமும் இல்லை. தண்ணீர் கேட்காத செடி என்றால் இதுதான்.

ஊர்ப் பேரே சிபாரிசு

இந்த மண்ணுக்கு எது வரும் என்று நம்ம முன்னோர்கள் ஊர்ப் பேரிலேயே எழுதி வைத்த மாதிரி எனக்குத் தோன்றும். வேப்பந்தட்டை, வேப்பூர், ஆலத்தூர், அத்தியூர், நொச்சிக்குளம், இலுப்பைக்குடி, இலுப்பையூர், விளாங்குடி, இலந்தைக்கூடம், காரை. பட்டியலைப் படித்துப் பாருங்கள். வேம்பு, ஆல், அத்தி, நொச்சி, இலுப்பை, விளா, இலந்தை, காரை எல்லாமே இந்த வெயிலுக்கும் வறட்சிக்கும் பழகியவை. இதில் உங்கள் ஊரில் இப்போது எத்தனை நிற்கிறது என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். மங்குஸ்தான், ரம்புட்டான் என்று 500, 600 ரூபாய்க்கு விற்பவர்களிடம் மயங்க வேண்டாம். வருடம் முழுக்க ஈரக்காற்று வேண்டிய மரங்கள் அவை. ஆப்பிளுக்கு எத்தனையோ நூறு மணி நேரக் குளிர் வேண்டும். குறைந்த குளிரில் காய்க்கும் ரகம் என்று சொன்னாலும், நம்ம மார்கழி அந்தக் 'குறைந்த' கணக்குக்கே எட்டாது.

பட்டம் தவறினால் விதையைக் குறை சொல்லாதீர்கள்

இடத்தைப் போலவே காலமும் மண்டலம்தான். தக்காளிக்கு இரவிலும் வெப்பம் இறங்கவில்லையென்றால் மகரந்தம் வலுவிழந்து பூ கொட்டும். அதனால் சித்திரையில் தக்காளிக்கு டானிக் தேடாதீர்கள். அந்த மாதத்துக்குக் கொத்தவரை, தட்டைப்பயறு, வெண்டை, கொடிப்பசலை, சுண்டை, கோவை. முட்டைக்கோஸ், காலிபிளவர் ஆசை இருந்தால் கார்த்திகை முதல் தை வரை மட்டும்.

அவரை விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆலத்தூர் பக்கம் ஒரு பெரியம்மா வீட்டில் அவர்கள் அம்மா காலத்திலிருந்து வருகிற பந்தல் அவரை. பட்டையான காய், ஓரத்தில் ஊதாக் கோடு. பெரியம்மாவுக்கு உடம்பு முடியாமல் போன வருடம், மருமகள் மாசியில் விதையைப் போட்டுவிட்டார். வீட்டிலிருந்த விதை அவ்வளவுதான், ஒரு கைப்பிடி. கொடி பந்தலை அடைத்துக்கொண்டு ஏறியது. வைகாசி போச்சு, ஆனி போச்சு, ஒரு பூ இல்லை. நான் ஆடியில் போனபோது, "விதை கெட்டுப்போச்சுங்க, பிடுங்கிட்டுக் கம்பெனி விதை போடலாம்னு இருக்கேன்" என்றார் மருமகள்.

விதை கெடவில்லை. நம்ம பழைய பந்தல் அவரைக்குப் பகல் சுருங்கினால்தான் பூக்கிற புத்தி வரும். மாசியில் போட்டால் பகல் நீண்டுகொண்டே போகும், கொடியும் நீண்டுகொண்டே போகும். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது மழைக்காக மட்டும் சொன்னதில்லை. ஆடியில் விதைத்த கொடி வளர்ந்து முடிக்கவும் பகல் சுருங்கவும் சரியாக இருக்கும். புளிச்சக்கீரையும் இந்தச் சாதிதான். கம்பெனிகளின் குத்து அவரை எந்த மாதமும் காய்க்கும், ஏனென்றால் பகல் கணக்கு பார்க்காத ரகமாகத் தேர்ந்தெடுத்தது. "கொடியைப் பாதி கவாத்து பண்ணிட்டு விட்டுடும்மா, ஐப்பசி தாண்டட்டும்" என்றேன். அரைமனசாகத்தான் விட்டார். கார்த்திகையில் பூத்தது. மார்கழி, தை முழுக்கக் காய். பெரியம்மா கையாலேயே விதைக்கு முற்ற விட்டு எடுத்தார்கள். அன்று பிடுங்கிப் போட்டிருந்தால் அந்த ரகம் அந்த வீட்டோடு முடிந்திருக்கும். வேறு யாரிடமும் அது இல்லை.

தண்ணீருக்குப் பக்கத்தில் எது, தூரத்தில் எது

ஒரே தோட்டத்துக்குள்ளும் மண்டலம் உண்டு. நாலு பேர் இருக்கிற வீட்டில் குளிக்கிற, பாத்திரம் துலக்குகிற தண்ணீர் சேர்ந்தால் நாளைக்கு 200 லிட்டருக்குப் பக்கம் வரும். அதைக் கல்வாழைப் பாத்தி வழியாக விட்டு, நாலைந்து வாழை, சேம்பு, ஒரு தென்னை என்று சித்திரையிலும் ஓட்டிவிடலாம். அது உங்கள் வீட்டுக் கொள்ளிடக் கரை. கிணற்றடி நிழலில் பொன்னாங்கண்ணி, தவசிக்கீரை. கைக்கு எட்டும் தூரத்தில் கீரைப்பாத்தியும் காய்கறியும். குடம் போகாத தூரத்தில் சீத்தா, இலந்தை, விளா, கொடுக்காப்புளி, நெல்லி. முதல் இரண்டு கோடைக்கு மட்டும் பானைப் பாசனம். அடியில் சின்னத் துளையும் திரியும் வைத்த மண்பானையைப் புதைத்துவிட்டால் வாரம் ஒரு தடவை நிரப்பினால் போதும்.

கன்று வாங்கும்போது தாய்மரம் எந்த ஊரில் நிற்கிறது என்று கேளுங்கள். உங்கள் மாதிரி மண்ணில் நின்றால் பாதிக் கவலை விட்டது. பையைக் கொஞ்சம் பிரித்து வேரைப் பாருங்கள். அடியில் சுருண்டு கயிறாகக் கிடந்தால், எவ்வளவு உயரக் கன்றாக இருந்தாலும் வேண்டாம். முழங்கால் உயரக் கன்று, சுருளாத வேரோடு இருந்தால் இரண்டாம் வருடத்தில் அதை முந்திவிடும். மண், தண்ணீர் சோதனையை முறையாகச் செய்ய நினைப்பவர்கள் பெரம்பலூர் மாவட்டத்தில் வாலிகண்டபுரத்திலும், அரியலூர் மாவட்டத்தில் சோழமாதேவியிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களில் கேட்டுப் பாருங்கள். கார அமிலத் தன்மை, உப்பு அளவு இரண்டும் தெரிந்தால் போதும்.

கடைசியாக நடுகிற மாதம். செம்மண்ணில் புரட்டாசி மழை விழுந்ததும் நடலாம், ஐப்பசி முழுக்க நடலாம். கரிசலில் ஆவணிக்குள் நட்டு, வேர் பிடித்த பிறகு பெருமழையைப் பார்க்க விடுங்கள். ஆவணி தவறிவிட்டால் அவசரப்பட வேண்டாம். மேட்டை மட்டும் இப்போதே கட்டி வைத்து, ஐப்பசித் தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டு, கார்த்திகைக் கடைசியில் நடுங்கள்.